முந்நூற்றுப் பன்னிரண்டு வாசல்

வெள்ளைக்கரட்டில் கடிகாரம் இருந்த வீடுகள் பத்தோ பன்னிரண்டோதான், அந்தக் கடிகாரங்களும் குருவம்மாளின் நடையைப் பார்த்துத்தான் தங்கள் முள்ளைத் திருத்திக்கொண்டன. காலை ஐந்தரைக்கு வீட்டுப் படி இறங்கி, காளியம்மன் கோயிலுக்கு நேரே வந்ததும் நடந்தபடியே ஒரு கும்பிடு போட்டு, கண்ணுச்சாமி டீக்கடையில் நிற்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கரட்டுக் குன்றின் அடியில் நிற்கும் மேல்நிலைத் தொட்டிக்கு அவள் போய்ச் சேரும்போது சரியாக ஐந்தே முக்கால். வால்வைத் திறக்கும் இரும்புச் சாவியை இரண்டு கையாலும் பிடித்து ஏழு சுற்றுச் சுற்றுவாள். ஊரிலுள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் குழாய்களிலும் முதலில் காற்று சீறும், பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கும், அப்புறம் நல்ல தண்ணீர் வரும். அவள் புருஷன் பார்த்த வேலை அது. அவன் செத்துப்போன பிறகு பஞ்சாயத்து அதை இவளுக்குக் கொடுத்து பதினாறு வருடம் ஆகிறது, அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு நாள் ஒரு நிமிடம் அவள் பிந்தியதில்லை. பிள்ளை இல்லை, காடு கரை இல்லை, இந்த நேரம் தவறாத நடை ஒன்றுதான் அவளுக்குச் சொத்து. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, அந்தக் கர்வத்தை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

தொட்டியின் தூண் ஒன்றில் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு சதுரம் உண்டு, அதைத்தான் பலகை என்பார்கள். தண்ணீர் திறக்கிற ஆள்தான் அதில் தினம் ஒரு பொன்மொழி எழுத வேண்டும் என்பது தொட்டி கட்டிய நாளிலிருந்து வரும் வழக்கம். பஸ் அங்கேதான் நிற்கும் என்பதால் ஊர் முழுக்க அதைப் படித்துவிட்டுத்தான் வெளியே போகும். கோலப்போட்டியில் பரிசாக வந்த ஒரு புத்தகத்திலிருந்து அவள் எழுதுவாள். அட்டை கிழிந்த புத்தகம், உலகத்து அறிஞர்கள் நாற்பது பேரைப் பற்றியது. நாற்பது பேரில் அவளுக்குப் பிடித்தவர் ஒருவர்தான். செருமனிக்காரர். எண்பது வயது வரைக்கும் சொந்த ஊர்ப்பக்கத்தைத் தாண்டாதவர், கல்யாணம் காட்சி இல்லாதவர், தினம் ஒரே நேரத்தில் நடக்கப் போவார், அவர் நடையைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று போட்டிருந்தது. "நம்மாளு" என்று அவள் முதல் தடவை படித்தபோதே முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவர் சொன்னதெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, ஒன்பது தடவை படித்தால் ஒரு முடிச்சு அவிழும். அவிழ்ந்ததைத் தன் பேச்சில் எழுதிப் போடுவாள்.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவள் எழுதியது இது: "ஒண்ணைச் செய்யுமுன்னே கேளு: இதையே ஊரும் செஞ்சா ஊர் தாங்குமா?"

வால்வைத் திறக்கும் முன் தொட்டியடிக் குழாயில் தன் வீட்டுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொள்வது குருவம்மாளின் வழக்கம். தண்ணீர் திறக்கிறவளுக்கு அந்தச் சலுகை கூடவா இல்லை என்று ஊரும் விட்டிருந்தது. அன்றைக்குச் சாக்பீஸ் தூள் கையில் இருக்க, தான் எழுதியதைத் தானே ஒரு தடவை படித்து, குடத்தைப் பார்த்து, ஒரு நொடி யோசித்து, என்ன, ரெண்டு குடந்தானே என்று பிடித்துக்கொண்டாள். பிறகு ஏழு சுற்றுச் சுற்றினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் குழாயடியில் நின்றவர்கள், ஒரு நொடி யோசித்து, என்ன, ரெண்டு குடந்தானே என்று மேற்கொண்டு இரண்டு குடம் வைத்தார்கள். ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தொட்டி காலி. கடைசியில் இருக்கும் கீழத்தெருவுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

கீழத்தெரு மாரக்கா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தாள். குருவம்மாள் வயதுக்காரி, யாருக்கும் பயப்படாதவள். "நானுந்தான் ரெண்டு குடம் கூட வச்சேன் குருவு. கை தானாப் போயி வச்சிருச்சு. ஆனா எங்க தெருவுல காத்துல்ல வருது, காத்தப் புடிச்சு என்ன செய்ய?"

குருவம்மாள் பலகையைப் பார்த்தாள், தன் இரண்டு குடத்தைப் பார்த்தாள், அந்த இரண்டையும் மாரக்காவிடம் தூக்கிக் கொடுத்தாள். அவள் கொடுத்த அதே நேரத்தில் மற்ற மூன்று தெருக்காரர்களும் ஆளுக்கு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குக் கீழத்தெருவில் அண்டா, சட்டி, பிள்ளை குளிக்கும் தொட்டி எல்லாம் நிறைந்து, மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றினார்கள்.

ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் சவடமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இது எப்படி ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மழை எப்படி வருகிறது என்று யார் கேட்கிறார்கள், வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதுதானே முறை. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. குருவம்மாளுக்குச் சளி பிடித்தால் ஊருக்கே பிடிக்குமா? அவள் விரதம் இருந்தால் கசாப்புக் கடை என்ன ஆவது? அவள் அசலூர்க் கல்யாணத்துக்குப் போனால் ஊரே பந்தியில் உட்கார்ந்துவிடுமா? ஒரு மாதம் பார்த்ததில் கணக்குத் தெளிந்தது. தும்மலும் கொட்டாவியும் அவளோடு நின்றுவிட்டன. பழக்கத்தில் செய்வதும் அவளைத் தாண்டவில்லை. நின்று யோசித்து, இதைச் செய்கிறேன் என்று அவள் செய்வது மட்டுந்தான் ஊருக்குப் போனது. அதிலும் மனசு ஒப்பாதவர் கை அசையவில்லை. இந்தக் கடைசிச் சங்கதி தெரிய வந்தது மாரக்கா வீட்டுத் தண்ணீரில்.

கீழத்தெருவில் மற்ற தெருக்காரர்கள் வாய் நனைப்பதில்லை. குருவம்மாளும் அதுவரை நனைத்ததில்லை, அதை அவள் யோசித்ததும் இல்லை. ஒரு மத்தியானம் யோசித்தாள். நேராகப் போய், "மாரக்கா, குடிக்கத் தண்ணி குடு" என்று கேட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர்கள் புழங்கும் தம்ளரில் அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்தாள். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏரை நிறுத்தினார்கள், தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்தார்கள், கீழத்தெரு வீடுகளில் தம்ளர் போதாமல் செம்பில் கொடுத்தார்கள். ஆனால் முப்பத்தோரு பேர் வரவில்லை. கை அசையாத முப்பத்தோரு பேர் யார் யார் என்று பொழுது சாயுமுன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சவடமுத்து அதில் ஒருவர். ஒன்பது நாள் அவர் தலை கவிழ்ந்தே நடந்தார். பத்தாவது நாள், குருவம்மாள் எதுவும் செய்யாமல் கூரை நிழலில் படுத்திருந்த நேரத்தில், அவராகத் தனியாகப் போய் மாரக்கா வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். மாரக்கா ஒன்றும் குத்திப் பேசவில்லை, உள்ளே கூப்பிட்டுக் கொடுத்தாள்.

குருவம்மாளுக்கு ஒரு கலக்கம் இருந்தது. செருமனிக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார், எந்த மனுசரையும் வெறும் கருவியாக வைத்துப் புழங்கக் கூடாது என்று. "நான் உங்களையெல்லாம் மம்பட்டி மாதிரிப் புடிச்சு வேல வாங்குறேனா மாரக்கா?" என்று கேட்டாள்.

"மம்பட்டிக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியுமா? முப்பத்தோரு பேரு சொன்னானுகளே. போடி, பெரிய இவ." மாரக்கா சிரித்தாள். அதற்குப் பிறகு குருவம்மாளுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஊர் ருசி கண்டுவிட்டது. ஆளாளுக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். குருவம்மாளுக்கும் அவள் மதினி ராக்கம்மாளுக்கும் ஒரு ஆட்டுக்கல் யாருக்கு என்ற தகராறில் ஒன்பது வருடம் பேச்சு இல்லை. "நீ போயிப் பேசுக்கா, எங்க அண்ணந்தம்பியெல்லாம் சேந்துக்குவோம்" என்று வந்து நின்றார்கள். ஒரு சாயங்காலம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவள் ராக்கம்மாள் வீட்டுக்குக் கிளம்பினாள். ஊரில் பேச்சு முறிந்த அத்தனை பேரும் கிளம்பினார்கள். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் யார் வீட்டிலும் யாரும் இல்லை, எல்லாரும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டார்கள். அங்கேயே அழுது, அங்கேயே சிரித்து, கட்டிக்கொண்டு போன பலகாரத்தை அங்கேயே தின்றார்கள். ராக்கம்மாள் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டே வந்திருந்தாள். அது இன்றைக்கும் நடுத்தெருவில்தான் கிடக்கிறது, வேண்டியவர்கள் வந்து ஆட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள், இனி பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள். பால் கெட்டியானது. கல்யாணத் தரகர்கள் ஊர்ப்பக்கம் வருவதை விட்டார்கள். கண்ணுச்சாமி, "டீ நேத்துப் போட்டதுதான், சூடு பண்ணித் தாரேன்" என்று சொல்லிவிட்டுத் தந்தார். தன் பாட்டு நன்றாக இருக்கிறதென்று நாற்பது வருடம் நம்பியிருந்த ஒருவர் ஒரே நாளில் உண்மை தெரிந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் பஸ் கண்டக்டர் பிள்ளைக்கு என்ன வயது என்று இந்த ஊர்க்காரர்களை மட்டும் இரண்டாந்தரம் கேட்பதில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் வழக்கு வந்தால், "வெள்ளைக்கரட்டான் சொன்னானா? அப்பச் சரி" என்று முடித்துக்கொள்வார்கள். ஊர்ச் சனங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று, செருப்புத் தேய்க்காமல் நடந்தார்கள், சொந்த ஊர் எது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று சந்தையில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இப்படி இருக்கையில்தான், ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், சாயங்காலத் தண்ணீர் திறக்கக் குருவம்மாள் தொட்டியடிக்குப் போனபோது, தூணுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. பதினெட்டு வயது இருக்கும். உள்ளங்கையில் கண்ணாடி கீறிய காயம். நீலச் செருப்பில் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் ஒரு வறட்டு இருமல், பஞ்சுத் தூசி உள்ளே போனவர்களுக்கு வருகிற இருமல். அங்கிருந்து நாலு மைலில் ஒரு நூல்மில் உண்டு. தூரத்து ஜில்லாக்களிலிருந்து பெண்களை வேனில் கூட்டி வந்து விடுதியில் பூட்டி வைத்து, மூன்று வருடம் வெளியே விடாமல் வேலை வாங்குவார்கள். ஊருக்குத் தெரிந்த விஷயந்தான் அது. ஊர் அதைப் பற்றிப் பேசாததற்குக் காரணம், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அந்த மில் கொடுத்தது.

அந்தப் பெண் தண்ணீர் கேட்கவில்லை. பலகையைக் காட்டிக் கேட்டாள். அன்றைக்கு அதில் இருந்தது, "எந்த மனுசரையும் கருவியா வச்சுப் புழங்காதே."

"அக்கா, இது நெசமா எழுதுனதா, இல்ல சும்மா எழுதுனதா?"

குருவம்மாளுக்குச் சுருக்கென்றது. "இந்தப் பலகையில சும்மா எழுதுற பழக்கம் இல்ல. எந்திரி."

பெயர் பவளக்கொடி. மெஷினில் முடி மாட்டிக்கொண்ட தோழிக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று சண்டை போட்டதற்காக எட்டு நாள் இருட்டறையில் வைத்திருந்தார்கள். இனி பிடிபட்டால் உயிரோடு விட மாட்டார்கள் என்று அவள் அழாமல் சொன்னாள். குருவம்மாள் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய், காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டி, தட்டில் களியும் கீரைக்குழம்பும் போட்டாள். பெண் பாதி சாப்பிடுவதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

மில் சூப்பர்வைசர் தனசிங்கும் கூட நாலு ஆளும் இறங்கினார்கள். தனசிங் விவரமான ஆள். மற்ற ஊரென்றால் வீடு வீடாகப் புகுந்து தேட வேண்டும், இந்த ஊரில் கேட்டாலே போதும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் நேராகக் குருவம்மாள் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகவே கேட்டான். "அக்கா, எங்க மில்லுப் பொண்ணு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு. எங்க இருக்குன்னு சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

குருவம்மாள் நிலைப்படியில் நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வார்த்தை இவள் வாயோடு நிற்காது, முந்நூற்றுப் பன்னிரண்டு வாயிலும் போய் உட்காரும், நாளைக்குப் பாலில் இறங்கும், சாட்சிக் கூண்டில் ஏறும், ஊர் நெஞ்சு நிமிர்ந்து நடந்ததெல்லாம் இன்றோடு சரி. இருக்கிறாள் என்று சொல்லி விட்டுக்கொடுத்தாலோ, இனி இந்த ஊரில் ஓடி வந்து ஒண்டிய எதையும், நாயோ ஆடோ மனுசரோ, எல்லாரும் கையைப் பிடித்து வெளியே விடுவார்கள். செருமனிக்காரர் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கொல்ல வருகிறவன் கதவைத் தட்டிக் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதாகப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கே அவள், இந்த மனுசன் வீட்டுக்கு யாருமே ஓடி வந்து ஒண்டியதில்லை போல என்று கோபப்பட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். இப்போது அந்தக் கோபம் திரும்ப வந்தது. கோபத்தோடு, பொய்யும் வேண்டாம், விட்டுக்கொடுக்கவும் வேண்டாம் என்ற துணிச்சலும் வந்தது. உள்ளே பெண் இருமினாள். குருவம்மாள் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றினாள்.

"என் வீட்லதான் இருக்கா. தர மாட்டேன். ஆனதப் பாரு."

தனசிங்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு பொம்பளை, ஒரு கதவு. கூட வந்த ஆட்களுக்குக் கண் காட்டினான். அப்போது பக்கத்து வீட்டில் ராக்கம்மாள் வெளியே வந்து, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, "என் வீட்லதான் இருக்கா. தர மாட்டேன். ஆனதப் பாரு" என்றாள். எதிர் வீட்டில் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில் சொன்னார்கள். நடுத்தெரு முடிந்து மேலத்தெருவில் ஏறியது, கோயிலடியில் பூசாரி வீட்டில் சொன்னார்கள், டீக்கடைக் கண்ணுச்சாமி கடை மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து சொன்னார், கீழத்தெருவில் மாரக்கா சொன்னது கரடு வரைக்கும் கேட்டது. எண்ணிப் பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள், அன்றைக்கு முந்நூற்றுப் பதினோரு வாசல் பேசின, ஒரே ஒரு வாசல் பேசவில்லை. அது சவடமுத்துவின் வாசல்.

தனசிங் அதைக் கவனித்துவிட்டான். "தலைவரே, நீங்களாவது சொல்லுங்க. மோட்டார் யாரு குடுத்தது?"

சவடமுத்து கதவைத் திறந்துகொண்டு வந்தார். கை தானாக அசையவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கையைத் தூக்கி நிலையில் ஊன்றினார், பிறகு மற்றக் கையை. "என் வீட்லதான் இருக்கா" என்றார். "தர மாட்டேன். மோட்டாரக் கழட்டிட்டுப் போ."

பொய் இல்லாத ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பொய் சொல்கிறார்கள் என்று தனசிங் கத்தினான். வாசல் வாசலாக ஓடிப் பார்த்தான். ராக்கம்மாளின் கைக்குக் கீழே எட்டிப் பார்த்தபோது, உள்ளே தட்டில் பாதிக் களியும் கீரைக்குழம்பும் இருந்தது, வார் அறுந்து ஊக்குப் போட்ட நீலச் செருப்பு இருந்தது, மறைவிலிருந்து அந்த இருமல் கேட்டது. அந்த இருமல் அவனுக்குத் தெரியும், அவன் மில்லில் வந்த இருமல்தான். பூசாரி வீட்டிலும் பாதிக் களி, நீலச் செருப்பு, இருமல். கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு நீலச் செருப்பு. சவடமுத்து வீட்டுக்குள்ளும் அவள் இருமினாள், அதைக் கேட்டு அவரே திரும்பிப் பார்த்து, கண் கலங்கி, நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜீப் திரும்பிப் போகும்போது ஊர் முழுக்க அந்த இருமல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக்கரட்டில் அன்றைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மில் ஆட்கள் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தொட்டி காய்ந்தது. நாலாம் நாள் காலை ஐந்தரைக்குக் குருவம்மாள் வழக்கம்போலப் படி இறங்கி, தொட்டிப் பக்கம் திரும்பாமல், கரட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் பழைய கிணற்றுக்கு நடந்தாள். முதல் இரண்டு குடம் இறைத்தாள். இரண்டையும் பார்த்து ஒரு நொடி யோசித்து, ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் ஏற்றி, தன் வீட்டுக்குப் போகாமல், ராக்கம்மாள் வாசலில் கொண்டுபோய் இறக்கி வைத்தாள். அன்றைக்கு வெள்ளைக்கரட்டில் ஒருவரும் தன் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கவில்லை. அவரவர் வீடு திரும்பியபோது அவரவர் வாசலில் இரண்டு குடம் நிறைந்து நின்றது.

குருவம்மாள் வாசலில் மட்டும் நாலு குடம் நின்றது. ஊர் இறைத்ததில் இரண்டு போக மேற்கொண்டு இரண்டு, யாரும் செய்யாததை யாரோ தனியாகச் செய்திருந்தார்கள். பவளக்கொடி நிலைப்படியில் நின்று அந்த நாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் சவடமுத்து தோளில் ஈரத்துண்டோடு, மூச்சு வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"தலைவரே," குருவம்மாள் கூப்பிட்டாள். "இங்க ரெண்டு குடம் கூட இருக்கே, கணக்குத் தப்பிப் போச்சா?"

சவடமுத்து திரும்பவில்லை, நடந்தபடியே தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"கணக்கெல்லாம் சரிதான் தாயி. ஊருல இப்ப முந்நூத்திப் பதிமூணு வீடு."